பழைய பெயர்களில் கத்துகிறவள்

ஜெயித்துவிட்டால் என்ன பேசுவது? என்னிடம் இருப்பது தோற்ற பிறகு பேசுகிற பேச்சு மட்டும்தான். அதை வருஷா வருஷம் பேசி மெருகேற்றி வைத்திருக்கிறேன். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்தி மூக்கை உறிஞ்ச வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. என் அணிப் பெண்களுக்கும்தான். போன மாதம் உடைமாற்றும் அறைப் பக்கம் போனபோது ஒருத்தி பெஞ்சின்மேல் ஏறி நின்று என் குரலில் பேசிக்கொண்டிருந்தாள்: "கப்பு இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். உங்க கால்ல இருக்கிற வேகம் உங்களோடயே இருக்கும்." மூக்குறிஞ்சல்கூடச் சரியான இடத்தில் வந்தது. என்னைவிட நன்றாகவே பேசினாள். சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஜெயித்த பிறகு பேச என்னிடம் ஒரு வரிகூட இல்லை. நாளை அப்படி ஏதாவது நடந்து தொலைத்தால், மைக்கை நீட்டுவார்களே, அப்போது என்ன செய்வேன்?

"காதுல விழுதா?" என்றார் என் கணவர்.

சாப்பாட்டு மேசையில் இருந்தோம். அவர் பல் டாக்டர். முக்கியமான கேள்விகளை எதிராளி வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துத்தான் கேட்பார். தொழில் பழக்கம். என்னைப் பெண் கேட்டதுகூட நான் கடைவாய்ப் பல் வலியோடு அவர் நாற்காலியில் படுத்திருந்தபோதுதான். நான் சொன்ன 'ஆ'வைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். இப்போதும் என் வாய் நிறையச் சாப்பாடு.

"நாளைக்கு மேட்ச்ல கொஞ்சம் பாத்துக்கோ. தங்கச்சிக்கு இந்த வருஷம் எப்படின்னு உனக்கே தெரியும்."

நான் மென்றேன். எதைப் பார்த்துக்கொள்வது என்று கேட்பதற்குள் அத்தை தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சுத்தி வளைக்காதடா. இங்க பாரும்மா, நீ எப்பவும் அவகிட்ட தோக்கறவதான். நாளைக்கும் அதையே பண்ணு. புதுசா ஒண்ணும் செய்யச் சொல்லலையே."

எனக்கு வந்த ரோஷம் எனக்கே வேடிக்கையாக இருந்தது. நான் தோற்ற ஒவ்வோர் ஆட்டமும் ஜெயிப்பதற்காக உயிரைக் கொடுத்து ஆடவைத்துத் தோற்றது. தொண்டை கட்டியிருக்கிறது, தலை நரைத்திருக்கிறது, ஒரு தடவை நடுவரிடம் வாதாடிச் செருப்பின் வார் அறுந்திருக்கிறது. இத்தனை பாடுபட்டுத் தோற்றவளிடம் வந்து, சும்மா தோற்றுவிடு என்கிறார்கள். இதைவிட ஒரு பயிற்சியாளரை அவமானப்படுத்த முடியாது.

ஆனால் நான் சொன்னது வேறு. "வேணும்னே தோக்கறதுக்கு ரொம்பத் திறமை வேணும் அத்தை. எனக்கு அவ்ளோல்லாம் வராது."

"முயற்சி பண்ணிப் பாரு," என்றார் அத்தை, உண்மையான அக்கறையோடு.

நாளை எதிரணிக்குப் பயிற்சியாளராக உட்காரப்போகிறவள் அவருடைய மகள், என் நாத்தனார். அதற்கும் முன்னால் அவள் என் ஹாஸ்டல் அறைத்தோழி. கல்லூரிக் கூடைப்பந்து அணியில் நானும் அவளும் ஒன்றாக ஆடினோம். அவள் உயரம் குறைவு, கையில் பந்து வந்தால் கண்ணில் படமாட்டாள். அவள் பெயர் குட்டை. நான் உயரம், கூடைக்கடியில் போய் நின்றால் நின்ற இடத்தில் நிற்பேன். என் பெயர் தூண். பந்து என் கையில் வந்து பட்டுக் கூடைக்குள் போன சந்தர்ப்பங்களை எல்லாரும் என் திறமை என்றார்கள். அது குட்டையின் குறி என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். என் பல்வலிக்கு அவள்தான் தன் அண்ணனிடம் கூட்டிப் போனாள். அதன்பின் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

உயரத்துக்காகவே எனக்கு ஒரு கல்லூரியில் நிரந்தர வேலை கிடைத்தது. கூடைப்பந்து போக மற்ற வேலைகளும் உண்டு: ஆண்டு விழாவில் கூட்டத்தை வரிசையில் நிறுத்துவது, முக்கிய விருந்தினர் தலைக்கு மேல் குடை பிடிப்பது, உயரமான பல்பைக் கழற்றுவது. குட்டைக்கு இன்னொரு கல்லூரியில் வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. அவள் ஜெயித்துக்கொண்டே இருந்தாள், அவர்கள் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள். போன இரண்டு வருஷமும் கோப்பை மூன்றாவது ஒரு கல்லூரிக்குப் போய்விட்டது. அவள் கல்லூரிக்குப் புதிதாக வந்திருக்கும் செயலர் அவளைக் கூப்பிட்டு, இந்தத் தடவையும் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டார்.

வேலை போனால் அறையும் போகும். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரி ஹாஸ்டலில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு மின்னடுப்பு, பாதியில் பந்துகளும் பாதியில் புடவைகளும் இருக்கிற இரும்பு அலமாரி. அதைத் தவிர அவளுக்கு இருக்கும் ஒரே இடம் எங்கள் வீட்டின் பின்னறை. அங்கே கிடந்த என் உடற்பயிற்சி சைக்கிளை அத்தை அன்று மத்தியானமே வெளியே நகர்த்திவிட்டிருந்தார். ஆகக் கூடி, நான் ஜெயித்தால் நாத்தனார் என் வீட்டுக்கு நிரந்தரமாகக் குடிவருவாள். தோற்பதற்கு ஒரு மனுஷிக்கு இதைவிட நல்ல காரணம் அமையாது.

குட்டையிடம் நான் ஏன் எப்போதும் தோற்றேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை வெளியில் சொன்னால் என்னைப் பயிற்சியாளர் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஹாஸ்டலில் இருந்தபோது நாங்கள் இருவரும் சேர்ந்து ஆட்ட முறைகளுக்குப் பெயர் வைத்தோம். களத்தில் ஒரு சொல்லைக் கத்தினால் ஐந்து பேருக்கும் புரிய வேண்டும், எதிரிக்குப் புரியக்கூடாது. எதிராளி பந்தை எடுத்த நொடியிலிருந்து மைதானம் முழுக்கக் கூடவே போய் மூச்சுவிட விடாமல் நெருக்குவதற்கு 'மாமியார்'. ஆளுக்கு ஓர் இடம் பிடித்துக்கொண்டு, தன் இடத்துக்கு வந்ததை மட்டும் தடுத்து, மற்றதற்குப் பொறுப்பில்லாமல் நிற்பதற்கு 'கூட்டுக்குடும்பம்'. பந்து கிடைத்ததும் யாரும் சுதாரிக்குமுன் ஓடிவிடுவதற்கு 'சித்தி'. குட்டையின் சித்தி ஒருத்தி அப்படி ஓடியவர். ஒருத்தி போகிற வழியில் அசையாமல் போய் நின்று மறிப்பதற்கு 'நாத்தனார்'. நின்றவள் கையைக் காலை ஆட்டக்கூடாது. மோதினால் தப்பு மோதினவளுடையது. பெயர் வைத்தபோது எங்கள் இருவருக்கும் மாமியாரும் இல்லை, நாத்தனாரும் இல்லை. வாழ்க்கையைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு மட்டும் இருந்தது.

பிறகு ஆளுக்கொரு கல்லூரிக்குப் போனோம். போகும்போது இரண்டு பேரும் அதே பெயர்களை எடுத்துக்கொண்டு போனோம். அவள் எல்லைக்கோட்டில் நின்று 'சித்தி' என்றால் என் பெண்கள் கூடையைக் காக்கப் பின்னால் ஓடினார்கள். நான் 'மாமியார்' என்றால் அவள் பெண்கள் பந்தைத் தலைக்கு மேலே தூக்கி வீசிக் கடந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் சீட்டைத் திருப்பிப் போட்டு ஆடுவது மாதிரி. அப்படி ஆடினால் யார் ஜெயிப்பார்கள்? கை வேகமுள்ளவள். ஒருநாள் பெயரை மாற்றியிருக்கலாம். மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நினைப்பேன். மாற்றினால் முதலில் மறந்துபோகிறவள் நானாக இருப்பேன் என்ற பயம். அவளும் மாற்றவில்லை. அவளுக்கு ஏன் மாற்ற வேண்டும்?

கல்யாணமான புதிதில் அத்தை ஆசையாக ஆட்டம் பார்க்க வந்தார். நான் என்னை மறந்து, "மாமியாரை விடு, மாமியார் போதும், நாத்தனார் ஏன் அங்க நிக்கறா, தள்ளு" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.  வீட்டு வாசலில் இறங்கும்போது அத்தை, "எனக்கும் உன்னைப் போதும்னு சிலசமயம் தோணும், நான் என்ன ரோட்டுல நின்னா கத்தறேன்?" என்றார்.

இந்த வருஷத்து கேப்டனை எல்லாரும் ஸ்பீக்கர் என்பார்கள். ரகசியம் சொன்னாலும் அடுத்த கட்டடத்துக்குக் கேட்கும். பருவத் தொடக்கத்தில் வந்து என் எதிரில் நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? திட்டக்கூடாது."

"கேளு."

"நம்ம பேரெல்லாம் அந்தக் காலேஜுக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது என்று நான் சாதிக்கப்போவதில்லை. "சரி மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுவாரம் புதுப் பெயர்கள் வந்துவிட்டன. நெருக்குவதற்கு 'அட்டெண்டன்ஸ்', ஒருத்தியும் தப்ப முடியாது. இடம் பிடித்து நிற்பது 'நூலகம்'. ஓடுவது 'கேன்டீன்'. மறிப்பது 'ஹாஸ்டல் கேட்'. எல்லாருக்கும் ஒரே நாளில் மனப்பாடம், என்னைத் தவிர. வாய் திறந்தால் மாமியார்தான் வந்தாள். வேண்டுமென்றே நிறுத்தி யோசித்தால் அதற்குள் எதிரணி கூடையில் போட்டுவிடும். நாலு நாள் பார்த்துவிட்டு ஸ்பீக்கர் ஒரு முடிவோடு வந்தாள்.

"மேடம், நீங்க பழசையே கத்துங்க."

"குழம்பிட மாட்டீங்களா?"

"நாங்க கேக்க மாட்டோம் மேடம். அவங்க கேப்பாங்க."

ஒரு பயிற்சியாளரின் வாழ்க்கையில் இப்படியும் ஒரு உயரம் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. என் குரல் முதல்முறையாக அணிக்கு உபயோகப்பட இருந்தது, என் பெண்கள் அதைக் கேட்காமல் இருப்பார்கள் என்பதால். அப்படியே அரையிறுதி வரை வந்து, போன வருஷம் கோப்பை வாங்கிய அணியையும் தோற்கடித்தோம். அவர்களுக்கு எங்கள் பெயர் பழசும் தெரியாது புதுசும் தெரியாது. என் பெண்கள் நன்றாக ஆடினார்கள், அவ்வளவுதான். அது எனக்குக் கொஞ்சம் உறைத்தது.

இறுதி ஆட்டம் எங்கள் இரண்டு கல்லூரிக்கும் சொந்தமில்லாத ஓர் உள்ளரங்கில். தகரக் கூரை, புதிதாகத் தேய்த்த மரத்தரை, தைலவாடை. அத்தையும் கணவரும் மேல் வரிசையில் சரியாக நடுவில், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, உட்கார்ந்திருந்தார்கள். குட்டை தன் பெஞ்சிலிருந்து எனக்குக் கையாட்டினாள். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, காலில் விளையாட்டு ஷூ, தலைமுடி ஒன்றுகூடக் கலையாமல். ஆட்ட நாளில் அவள் எப்போதும் அப்படித்தான். நான் ரவிக்கைப் பின்னைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் கால்பகுதியில் நான் என் வாழ்நாளிலேயே சிறப்பாகக் கத்தினேன். "மாமியார், மாமியார்" என்றதும் குட்டையின் பெண்கள் நெருக்கலுக்குத் தயாராகிப் பந்தைத் தூக்கித் தூரமாக வீசினார்கள். தூரத்தில் என் பெண்கள் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி அமைதியாக நின்று பிடித்துக்கொண்டார்கள். "கூட்டுக்குடும்பம்" என்று நான் கதறியபோது ஸ்பீக்கர் "அட்டெண்டன்ஸ்" என்றாள். அவள் குரல் கேட்டு நேரம் பார்க்கிறவரே திடுக்கிட்டுத் திரும்பினார். எதிரணியில் ஒரு பெண் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் தன் பயிற்சியாளரைப் பார்த்தாள். குட்டை அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இடுப்பில் கை வைத்து.

இரண்டாம் கால்பகுதியில் அவளுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. என்னைக் கேட்பதை விட்டுவிட்டு ஸ்பீக்கரைக் கேட்கச் சொன்னாள். 'கேன்டீன்' என்றதும் அவள் பெண்கள் பின்னால் ஓடத் தொடங்கினார்கள். எங்கள் முன்னிலை கரைந்து ஒற்றைக் கூடை அளவுக்கு வந்தபோது இடைவேளை மணி அடித்தது.

அறைக்குள் தண்ணீர் பாட்டிலும் வியர்வையும் பேச்சுமாக இருந்தது. நான் என்ன சொல்வது என்று வாயைத் திறப்பதற்குள் ஸ்பீக்கர் முடிவு சொல்லிவிட்டாள். பெயர்கள் அதே, அர்த்தத்தை மட்டும் இடம் மாற்றுகிறோம். இனி நூலகம் என்றால் ஓடு, கேன்டீன் என்றால் நெருக்கு, அட்டெண்டன்ஸ் என்றால் வழிமறி, கேட் என்றால் இடத்தைப் பிடித்து நில். ஒவ்வொருத்தியையும் திரும்பச் சொல்லச் சொன்னாள். ஒருத்தி தப்பாகச் சொன்னதற்கு மற்றவர்கள் துண்டால் அடித்தார்கள். கணுக்கால் வீங்கியிருந்தவள் கட்டை அவிழ்த்துத் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"மேடம், நீங்க எப்பவும் போல..." என்றாள் ஸ்பீக்கர்.

"கத்தறேன்," என்றேன்.

முகம் கழுவலாம் என்று வெளியே வந்தேன். நடையின் கடைசியில் நீண்ட கழுவுதொட்டி. குழாயைத் திறந்தபோதுதான் கவனித்தேன், எல்லாம் எனக்கு நினைவிருந்தது. நூலகம் ஓடுவது, கேன்டீன் நெருக்குவது. என் மூளை இத்தனை வருஷம் எங்கே போயிருந்தது என்று கேட்கலாம் போல இருந்தது.

"அண்ணி."

குட்டை பின்னால் நின்றிருந்தாள். அவள் என்னை அப்படிக் கூப்பிடுவது அபூர்வம். உறவினர் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது அவளுக்கு ஏதாவது வேண்டியிருக்க வேண்டும். பக்கத்தில் யாரும் இல்லை.

"மாத்திட்டீங்க," என்றாள்.

"பொண்ணுங்க மாத்தினாங்க."

"அது தெரியும். உனக்கு அந்த மூளை ஏது?"

"இல்லதான்."

இருவரும் சிரித்தோம். அவள் பக்கத்துக் குழாயைத் திறந்து கையை மட்டும் நனைத்தாள்.

"அம்மா உன்னைத் தோக்கச் சொன்னாங்களாமே. அண்ணன் சொன்னான். எனக்குச் செத்துடலாம் போல இருந்துச்சு. நான் அதைக் கேக்க வரல."

"தெரியும்."

"பாதி பேரு எனக்குப் புரிஞ்சிடுச்சு. நூலகம், கேன்டீன். ஆனா அந்தப் பொண்ணு உள்ள போனதும் மறுபடி மாத்தியிருப்பா. நானா இருந்தா மாத்துவேன். அது எப்படின்னு மட்டும் சொல்லு." பேச ஆரம்பித்த பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. "இது ஒண்ணும் பெரிய தப்பு இல்லடீ. எப்பவும் உன்னுது எனக்குத் தெரியும், என்னுது உனக்குத் தெரியும். அப்படித்தானே ஆடிட்டு வந்தோம். இன்னைக்குத்தான் எனக்கு மட்டும் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கு. சமமாக்கு, போதும். மிச்சத்தை என் பொண்ணுங்க பாத்துப்பாங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளிடம் சங்கடம், எப்போதும் நியாயமாகத்தான் கேட்பாள்.

"ரூமைக் காலி பண்ணணும்னா எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியலடீ," என்றாள், குழாயைப் பார்த்துக்கொண்டு. "காலைல ஜன்னலைத் திறந்தா கோர்ட் தெரியும். யாரோ ஒருத்தி சீக்கிரம் வந்து தனியா பந்து தட்டிட்டு இருப்பா. அந்தச் சத்தத்துலதான் எழுந்திரிக்கறேன்."

எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. எனக்கு ஞாபகம் இல்லடீ, என்னை யார் கேக்கறா அங்க, நான் சும்மா கத்தறதுக்கு இருக்கேன். நம்பிவிடுவாள். உலகத்தில் இதை நம்பாதவர் ஒருவர்கூட இல்லை. நேற்று அத்தையிடம் சொன்னேன், எனக்கு அவ்வளவெல்லாம் வராது என்று. கல்லூரி முதல்வர் கணக்குவழக்குக் குழுவில் சேரச் சொன்னபோதும் அதையே சொன்னேன். ஊரில் எவர் எதைக் கேட்டாலும் நான் 'மாட்டேன்' என்று சொன்னதே இல்லை, 'எனக்கு வராது' என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதனால் யார் மனசும் புண்பட்டதில்லை. என்னை நானே ஒரு படி கீழே இறக்கி வைத்துக்கொண்டு, அங்கே சௌகரியமாக உட்கார்ந்துவிடுவேன். பார்க்கிறவர்கள் அதைத் தன்னடக்கம் என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

இப்போதும் அப்படியே சொல்லலாம். குட்டை தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போவாள். ஞாபகம் இருந்திருந்தால் தூண் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே போவாள். வேலை போய், என் வீட்டுப் பின்னறையில் படுத்துக்கொண்டும் அப்படியே நினைப்பாள். எங்களுக்குள் ஒரு கீறல்கூட விழாது. உள்ளே துண்டால் அடித்துக்கொண்டு மனப்பாடம் செய்கிற பெண்களை என்னிடமிருந்து காப்பாற்றியது என் மறதிதான் என்று ஆகிவிடும்.

உள்ளே நடுவர் விசில் ஊதிப் பார்க்கும் சத்தம் கேட்டது. குட்டை கையை உதறிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். முடி ஒன்று கலைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. அதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஞாபகம் இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடு," என்றாள். "நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அவளே எனக்குக் கதவைத் திறந்துவிட்டாள். அவ்வளவு காலப் பழக்கம்.

"ஞாபகம் இருக்கு," என்றேன். "நாலும் ஞாபகம் இருக்கு."

அவள் காத்திருந்தாள்.

"சொல்ல மாட்டேன்டீ."